ரப்பரிடம் கேட்ட உதவி

நூலகத்திலிருந்த மர்ம நாவல் ஒன்று, மேசைமேல் கிடந்த ரப்பரை அவசரமாகக் கூப்பிட்டது.

"தம்பி, நாளைக்கு வாசகர் வட்டத்தில் என்னைப் பற்றித்தான் பேச்சு. என் பக்க ஓரமெல்லாம் யாரோ பென்சிலால் திட்டி வைத்திருக்கிறார்கள். என் மானமே போய்விடும். திட்டை மட்டும் அழித்துவிடேன். பாராட்டு இருக்கட்டும்."

"அதுக்கென்ன அக்கா" என்று ரப்பர் பக்கங்களைப் புரட்டியது.

முதல் பக்கத்தில், "அற்புதம்! பிரமாதம்!" என்றிருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கையெழுத்தையே காணோம். திட்டிய கையெழுத்தோ அத்தியாயம் தவறாமல் கூடவே வந்தது. "இந்த வக்கீலுக்கு மூளையே கிடையாதா?" "நீதிபதி தூங்குகிறாரா?" கடைசிப் பக்கத்தில், "பாவி, உன்னைப் படித்ததில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை!"

"ஆமா, உங்க கதைதான் என்ன அக்கா?"

"ஒரு பேராசைக்காரன். தம்பிகள் சொத்தையும் சேர்த்துச் சுருட்டுவதற்காக, தனக்கு எதிரான சாட்சிகளை மட்டும் ஒவ்வொன்றாக..."

நாவல் சட்டென்று நிறுத்திக்கொண்டது.

"சொல்லுங்க. எதிரான சாட்சிகளை?"

"வாயை மூடுடா!"

ரப்பர் சிரித்தது. "சரி, எந்தத் திட்டிலிருந்து தொடங்கட்டும்?"

"ஒன்றையும் தொடாதே. பாராட்டியவருக்கும் நன்றிதான். ஆனால் என்னோடு கடைசிவரைக்கும் வந்தவள் அந்தச் சண்டைக்காரி. நாளைக்கு வருவாளா?"

"வராம இருப்பாங்களா? இன்னும் திட்ட வேண்டாமா?"

"வரட்டும், நல்லா இருக்கட்டும். கடைசிப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது."