சொந்தக் காலில் நின்ற கம்பைலர்

நிரல்களை இயந்திர மொழிக்கு மாற்றும் 'பேரரசு' கம்பைலருக்கு ஊரெல்லாம் பேனர் வைத்தாயிற்று. பெரிய நிரல் கோப்பைக் கொடுத்தால் விக்கி விழுந்துவிடும் என்பது மட்டும்தான் குறை. அதற்காக நிரலாளர் மகிழ்நங்கை நாலைந்து வரியில் 'ஷெல் ஸ்கிரிப்ட்' என்ற குட்டி நிரல் ஒன்றை எழுதியிருந்தாள். அது கோப்பைக் கவளம் கவளமாகப் பிய்த்துக் கம்பைலருக்கு ஊட்டி, வெளியே வருவதை ஒட்டிக் கொடுக்கும்.

அறிமுக விழாவன்று காலையில் இயக்குநர் பசுபதி, "அந்த ஸ்கிரிப்டைத் தூக்கிடும்மா. நம்ம கம்பைலர் சொந்தக் கால்ல நிக்கணும்" என்றார்.

"விழுந்துட்டா சார்?"

"நல்ல நாளும் அதுவுமா! வாயக் கழுவும்மா."

விழுந்தால் நிர்வாகம் அவர்களுடைய பிரிவையே மூடிவிடும். அதனால் மகிழ்நங்கை கம்பைலருக்கு வேறு பெயர் வைத்து ஒரு மூலையில் ஒளித்துவிட்டு, 'பேரரசு' என்ற பெயரை ஸ்கிரிப்டுக்குச் சூட்டினாள். இனி அந்தப் பெயரைத் தட்டினால் ஸ்கிரிப்ட் ஓடி, ஒளிந்திருக்கும் கம்பைலருக்கு ஊட்டிவிடும்.

மேடையில் பசுபதி அந்தப் பெயரைத் தட்டினார். மாபெரும் கோப்பு சத்தமில்லாமல் செரித்தது. கைத்தட்டல் ஓய்வதற்குள் சிறப்பு விருந்தினர் தன் பென்டிரைவை நீட்டினார். "எங்க கம்பெனிக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க."

பசுபதி தன் கையாலேயே 'பேரரசை' நகலெடுத்தார். கண் இமைப்பதற்குள் முடிந்துவிட்டது.

"இவ்வளவு சின்னதா?"

பசுபதி நெஞ்சை நிமிர்த்தினார். "அதுல ஒரு வரிகூட வீண் கிடையாது சார்!"

அத்தனை பேரிலும் பலமாகக் கைதட்டியவள் மகிழ்நங்கைதான்.