சீர்ப்பெட்டி

"சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கார் வருது. அதுக்குள்ள என் மருமகளுக்கு முழுசா ஒரு பெட்டி வேணும்!" என்று அனசூயம்மா மேசையில் அறைந்தார். விஜயவாடா பெசன்ட் சாலையின் அந்தப் பெட்டிக்கடையில் விலை கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மேசைமேல் மல்லாந்து கிடந்தது ஒரு மெரூன் நிறப் பெட்டி. தெனாலியில் பள்ளி ஆசிரியராக இருக்கும் தந்தை, எட்டு மாதத்துக்கு முன் தன் மகள் ஹைமவதிக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்த பெட்டி. அரக்கு மலைக்குத் தேனிலவு போய், நான்கு சக்கரத்தில் ஒன்றை இழந்து திரும்பிய பெட்டி.

கடைக்காரர் கோட்டேஸ்வர ராவ் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "வாரண்டி கம்பெனி செஞ்ச தப்புக்குத்தாம்மா. மாப்பிள்ளை புது ஜோர்ல மலைப்பாதையில தரதரன்னு இழுத்துட்டுப் போனதுக்கு இல்ல."

"என் மகன் இழுக்காத பெட்டியா? துபாய்ல இருக்கான்யா அவன்!"

"ஓ, துபாய்ப் பயணமா! குடுத்து வெச்ச பொண்ணு!" என்றார் ராவ்.

ஹைமவதி தலை கவிழ்ந்து சிரித்தாள். கல்யாணமானதும் துபாய் போன கணவன், கடந்த மூன்று மாதமாக அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. "உன் துணிமணி எல்லாத்தையும் எடுத்து வை, இன்னிக்குக் கிளம்பணும்" என்று அத்தை காலையில் சொன்னபோதுதான், விசா வந்துவிட்டது என்று அவள் புரிந்துகொண்டாள். மூன்று மாத அழுகை அந்த ஒரு சொல்லில் கரைந்தது.

"ராவ் சார், ஒரு நிமிஷம்." புகுந்த வீட்டில் எட்டு மாதமாக உயராத குரல், அந்தக் கடையில் உயர்ந்தது. "கல்லுல இழுத்து ஒடிஞ்சிருந்தா அடியில கீறல் இருக்கணும். ஒரே ஒரு கீறல் காட்டுங்க பார்க்கலாம். ஆணியே கழண்டு வந்திருக்கு. இது இழுத்தவர் தப்பில்ல, செஞ்சவன் தப்பு."

உத்தரவாத அட்டையைத் திருப்பினாள். எறும்பு ஊர்ந்தாற்போல் அச்சாகியிருந்த கடைசி வரியில் விரலை வைத்தாள். "'உதிரிப் பாகம் கிடைக்காவிடில் பெட்டியே மாற்றித் தரப்படும்.' அஞ்சு வருஷம்னு போட்டிருக்கு. சக்கரம் இருக்கா உங்ககிட்ட?"

"இந்த மாடலுக்குச் சக்கரமே வர்றதில்லையேம்மா..." சொல்லி முடித்த பிறகுதான் ராவ் நாக்கைக் கடித்துக்கொண்டார். கடை முழுவதும் சிரித்தது.

"வக்கீலுக்குப் படிச்சியாம்மா?"

"பி.காம்தாங்க."

அச்சிட்ட ஒரு வரியை நம்பி ஒரு பெண் நிமிர்ந்து நின்றாள், வென்றாள். "என் மருமக கெட்டிக்காரி" என்றார் அனசூயம்மா. அந்த வீட்டுக்கு வாழ வந்த நாள்முதல் அவள் கேட்ட முதல் பாராட்டு அது. அவள் கண்கள் நிறைந்தன.

தோற்ற ராவ் தோழமையோடு ஒரு நீலப் பெட்டியைத் தூக்கிவந்தார். "இதையே எடுத்துக்கங்க. இதைவிடப் பெருசு, விலையும் கூட. ஒரு பைசா தர வேண்டாம். கோங்குரா ஊறுகாய் நாலு ஜாடி தாராளமாப் போகும்."

ஹைமவதி ஆசையோடு அதைத் தடவினாள். அனசூயம்மா அவள் கையை விலக்கினார். "வேண்டாம். மெரூன்தான் வேணும். இதே அளவு, இதே மாடல் நம்பர்."

கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். மூலைகளில் மஞ்சள் தடவிய தாள். கல்யாணத்தன்று இரு வீட்டாரும் கையெழுத்திட்ட சீர்ப் பட்டியல். அதில் பதினேழாவது வரியைப் பார்த்துப் பெட்டியின் மாடல் நம்பரை எழுத்தெழுத்தாக வாசித்தார்.

"இனாமாப் பெருசு குடுத்தும் வேண்டாங்கிற மாமியாரை இன்னிக்குத்தாம்மா பார்க்கிறேன்!" என்று ராவ் கும்பிட்டார். கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைத்திருந்த மெரூன் பெட்டி இறக்கப்பட்டது. அனசூயம்மா நான்கு சக்கரங்களையும் தன் கையாலேயே சுழற்றிப் பார்த்துவிட்டுத்தான் புறப்பட்டார்.

ஐந்து மணிக்குக் கார் வந்தது. கணவனுக்குப் பிடித்த கோங்குரா ஊறுகாயைப் புடவைகளுக்கு நடுவே பொதிந்து பூட்டிய பெட்டி, வாசல்வரை ஓசையில்லாமல் உருண்டது. ஹைமவதி குனிந்து அத்தையின் காலைத் தொட்டு வணங்கிவிட்டு, காரில் ஏறி உட்கார்ந்தாள்.

பெட்டியைத் தூக்கி வைத்த டிரைவர் வீரய்யா கேட்டான்: "விமான நிலையத்துக்குத்தானேம்மா?"

அனசூயம்மா மஞ்சள் தடவிய அந்தப் பட்டியலை அவன் கையில் திணித்தார்.

"தெனாலிக்கு. குடுத்தது குடுத்தபடியே திரும்ப வந்துடுச்சுன்னு அவ அப்பன்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா."