கல்லில் வளர்ந்தவள்

படத்துப் பெண்ணின் கழுத்தில் தாலி இருந்தது.

கோகுல்நாத் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். தாலிதான்.

இதே படம் கள்ளிக்குப்பத்தில் அவர் வீட்டு ஹாலில் தொங்குகிறது. நவீன ஓவியர்களின் பழைய கல்லச்சுப் படங்களைத் தேடிச் சேர்ப்பது அவருடைய இருபது வருஷப் பைத்தியம். பேர்போன ஓவியர் ஒருவர் கல்லின் மேல் வரைந்து, பதினைந்தே தாள் அச்சடித்த படம் அது. கம்பி ஜன்னல். மூன்றாவது கம்பியில் ஒரு வளைவு. அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆறு வயதுச் சிறுமி. இடது புருவத்தில் ஒரு தழும்பு.

இப்போது கரையான்சாவடியில், ஹாஜா மொய்தீனின் பிரேம் கடையில் பார்க்கும் படத்திலும் அதே ஜன்னல். அதே வளைவு. அதே தழும்பு.

நிற்பவளுக்கு மட்டும் முப்பத்தைந்து வயதுக்குக் குறையாது.

வரைந்தவர் செத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

"என்ன விலை பாய்?"

"விக்கிறதுக்கு இல்ல சார். பிரேம் போட வந்துகீது. வருஷத்துக்கு ஒண்ணு வரும்."

"இதே படமா?"

"இதே பொண்ணுதான். ஆனா வளந்துகினே வருது. எங்க வாப்பா கடையப் பாத்தப்ப ரெட்டை ஜடை. அப்பால தாவணி. தாலியோட வந்த வருஷம் எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல சார். யார்ரா மாப்பிள்ளைன்னு!"

ஹாஜா சிரித்தார். கோகுல்நாத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"யாரு குடுக்கறாங்க?"

"உத்தமன் அண்ணாத்தே. வேப்பம்பட்டுல ஊடு. அந்த ஓவியருக்கு அச்சு போட்டுக் குடுத்ததே அவருதான்."

அப்போதுதான் கோகுல்நாத்துக்கு விளங்கியது. சொன்ன கணக்குக்குத் தாள் அடித்து முடித்ததும், மணலும் தண்ணீரும் போட்டுக் கல்லைத் தேய்த்துப் படத்தை அழித்துவிட வேண்டும். அந்தத் தொழிலில் அது வாக்கு. கிழவர் அழிக்கவில்லை. செத்தவர் வரைந்ததைத் திருத்தித் திருத்தி அடித்துக்கொண்டிருக்கிறார். பச்சைத் திருட்டு!

அன்றைக்கே வண்டியை வேப்பம்பட்டுக்கு விட்டார்.

வீட்டுக்குள் காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். சுவர் முழுக்க அவள். ஒவ்வொரு படத்திலும் ஒரு வயது கூடி, அதே ஜன்னலில், அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு. முப்பது ஜோடிக் கண்கள் அவரையே பார்த்தன.

"எங்க பொண்ணு சார். தேவிப்பிரியா. அந்த ஓவியர் இவளப் பாத்துதான் வரைஞ்சாரு" என்றாள், தண்ணீர் கொண்டுவந்த உத்தமனின் மனைவி சரசா.

உத்தமன் எதையும் மறைக்கவில்லை. பின்பக்கக் கொட்டகைக்குக் கூட்டிப் போய்க் கல்லைக் காட்டினார். அச்சுக் கல்லில் எல்லாமே இடம் வலமாகத்தான் இருக்கும். தழும்பு வலது புருவத்துக்குப் போயிருந்தது. பார்வை மட்டும் மாறவில்லை.

"ஏன் பெரியவரே அழிக்கல?"

"அழிக்கத்தான் சார் போனேன். பதினஞ்சாவது தாளு காயறதுக்குள்ள புள்ள ஜுரத்துல பூட்டுச்சு. ஆறு வயசு. பத்து நாள் பொறுத்து, வாக்குக் குடுத்தாச்சேன்னு மணலைக் கையில எடுத்துகினு வந்தேன்."

"அப்புறம்?"

"முடி வளந்திருந்துச்சு."

கொட்டகை வெயிலில் தகித்தது. கோகுல்நாத் குனிந்து கல்லைக் கூர்ந்து பார்த்தார்.

"இன்னி வரைக்கும் ஒரு கோடு நான் போட்டதில்ல சார். எனக்கு அச்சு போட மட்டுந்தான் தெரியும். வருஷத்துக்கு ஒரு தபா மை தடவி ஒரு தாள் எடுப்பேன். அவளா வளந்துகினு கீறா. வளர்ற புள்ளைய எப்டி சார் தேய்ப்பேன்?"

பைத்தியமா, பாசாங்கா? கோகுல்நாத் குரலை உயர்த்தினார்.

"இந்தக் கதையெல்லாம் வேணாம். படம் வாங்கின அத்தனை பேரையும் ஏமாத்தியிருக்கீங்க. இப்பவே அழிக்கலேன்னா ஊரெல்லாம் சொல்லுவேன்."

உத்தமன் கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நியாயந்தான். வாக்கு வாக்குதான். நீங்களே தேச்சுடுங்க சார். என் கையால ஆவாது."

மணல் டப்பாவைக் காட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் தெருவுக்குப் போய்விட்டார்.

கோகுல்நாத் மணலைத் தூவினார். தண்ணீர் தெளித்தார். தேய்க்கும் கல்லை இரண்டு கையாலும் தூக்கினார். கீழேயிருந்து அவள் பார்த்தாள்.

"சார், நில்லுங்க!"

கொட்டகை வாசலில் சரசா.

"அவரு பொய் சொல்லல. கோடு போட்டது நான்."

"நீங்களா?"

"கட்டிகினு வந்த நாளா அவருக்குக் கல்லு தொடைச்சுக் குடுத்தவ சார். எங்க சொரண்டணும், எங்க மெழுகுக் குச்சியால இழுக்கணும்னு எனக்குத் தெரியாதா? வருஷத்துல ஒரு மத்தியானம், அவரு கண்ணசந்த நேரமாப் பாத்து..."

"அந்தத் தாலி?"

"நாந்தான். இருபத்தாறு வயசாயிடுச்சே."

கோகுல்நாத் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"அந்த மனுஷன் நிஜம்னு நம்பறாரேம்மா. கட்டின புருஷனை முப்பது வருஷமா இப்படி ஏமாத்தலாமா?"

சரசா தெருப்பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"புள்ள பூட்டதுலேர்ந்து பத்து நாளு அவரு சோத்தைத் தொடல சார். கல்லை அழிச்சுட்டு நானும் பூடறேன்னாரு. அன்னிக்கு மத்தியானந்தான் முடியை ஒரு விரக்கடை இழுத்து உட்டேன். எழுந்து வந்து கல்லைப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்பறம் அடுப்பாண்ட வந்து, 'சரசா, பசிக்குது'ன்னாரு."