இறக்கத்தில் நின்ற வண்டி

“வண்டி மேல இனிமே குத்தம் சொல்லாதீங்க சாப். கார்புரேட்டர் புதுசு, பிளக் புதுசு. இன்னும் பெட்ரோல் தாங்கலைன்னா நான் என்ன பண்ணட்டும்?” என்றார் சிவாஜிநகர் மெக்கானிக் கரீம் பாய்.

காக்ஸ் டவுன் பேக்கரி முதலாளி ஜெயராஜுக்கு எரிச்சல். மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பழைய பிக்-அப் வண்டி அது. ரொட்டியில் வரும் லாபத்தையெல்லாம் அதுவே குடித்துக்கொண்டிருந்தது.

“வேற என்ன மாத்தலாம்?”

“வண்டியைக் கிளப்பற செல்ஃப் மோட்டாரை மாத்துங்க. அது செத்து ரொம்ப நாளாச்சு.”

“மாத்தினா மைலேஜ் கூடுமா?”

“கூடாது சாப். ஆனா...”

“அப்போ வேணாம். முன்னால ஹேண்டில் இருக்கு. சுத்துறதுக்கு டிரைவருக்குக் கை இருக்கு.”

கரீம் பாய் தலையைச் சொறிந்தார். “அப்போ அந்த டிரைவரைத்தான் கவனிக்கணும். ரொட்டி இறக்கப் போறப்போ எஞ்சினை அணைக்கிறதே இல்ல. வண்டி பாட்டுக்கு மார்க்கெட் வாசல்ல உறுமிக்கிட்டு நிக்குது.”

மறுநாளே ஜெயராஜ் மார்க்கெட்டுக்குப் போய்ப் பார்த்தார். சொன்னது சொன்னபடி வண்டி உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் முனிராஜ் ஓட்டல்காரரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“முனிராஜ்! எஞ்சினை அணைக்கத் தெரியாதா?”

“மறந்துட்டேன் மொதலாளி.”

“தினமுமா மறக்கும்? வண்டியை பேக்கரி ஷெட்ல விடாம உன் வீட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போறியே, அதுவும் மறதியா?”

முனிராஜ் வீடு ஜீவனஹள்ளியில் ஒரு மேட்டில் இருந்தது. அந்த இறக்கத்தில்தான் தினமும் வண்டியை நிறுத்துவார். கேட்டால், “காலையில சீக்கிரம் வந்துடலாம்” என்பார். திருட்டுத்தனமாகச் சவாரி ஏற்றுகிறார் என்று ஜெயராஜ் முடிவே கட்டியிருந்தார்.

“சாவியைக் குடு. நாளையிலேருந்து வராதே.”

முனிராஜின் முகம் செத்துவிட்டது. “வேற யாரும் எனக்கு வண்டி தர மாட்டாங்க மொதலாளி.”

“ஏன், உன் யோக்கியதை ஊருக்கே தெரிஞ்சுபோச்சா?”

சாவியைக் கொடுத்துவிட்டு நடந்த முனிராஜ், என்ன நினைத்தாரோ, திரும்பி வந்தார்.

“வண்டியை இறக்கம் பார்த்தே நிறுத்துங்க மொதலாளி. மறந்துடாதீங்க.”

“வேலை போனப்புறமும் எனக்குப் புத்தி சொல்றியா? போய்யா!”

வீட்டில் மனைவி பியாட்ரிஸ்தான் குறுக்கே பேசினாள். “பாப்பா பொறந்தப்போ நீங்க மெட்ராஸ்ல இருந்தீங்க. அந்த மழையில அவர்தானேங்க என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்?”

“அதுக்காக அந்த ஆளுக்கு ஆயுசு பூரா பெட்ரோல் ஊத்தணுமா?”

புதிதாக வந்த டிரைவர் வாலிபன். ஹேண்டிலைப் போட்டு ஒரே சுற்றில் வண்டியைக் கிளப்பினான். நின்ற இடத்திலெல்லாம் எஞ்சினை அணைத்தான். பெட்ரோல் மிச்சமானது. ஜெயராஜுக்குப் பரம திருப்தி.

அடுத்த வாரம் ஒருநாள் அவன் வரவில்லை. சுட்ட ரொட்டியெல்லாம் வண்டியில் ஏற்றியாகிவிட்டது. ‘இது என்ன பெரிய வித்தையா?’ என்று ஜெயராஜே ஹேண்டிலைச் செருகி, இறுக்கிப் பிடித்து, ஓங்கிச் சுற்றினார்.

எஞ்சின் ஒரு உதறு உதறியது. ஹேண்டில் திரும்பி வந்து அவர் மணிக்கட்டை அடித்தது. அவர் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட நர்ஸ் டோரீன், கூட வந்திருந்த பியாட்ரிஸை அடையாளம் கண்டுகொண்டு கேட்டாள்: “அதே வண்டியா சார்?”

“எந்த வண்டி?”

“உங்க பாப்பா பொறந்த அன்னிக்கு உங்க டிரைவருக்கும் இதே மணிக்கட்டுதான். மழையில வண்டி கிளம்பலைன்னு அவசரத்துல சுத்தியிருக்கார், ஹேண்டில் திரும்பி அடிச்சிடுச்சு. அப்புறம் யாரோ தள்ளிவிட்டுத்தான் வண்டி கிளம்பியிருக்கு. உடைஞ்ச கையை மடியில வெச்சுக்கிட்டு, ஒத்தைக் கையால ஓட்டிட்டு வந்து இவங்களை இறக்கினார். கட்டுப் போட உக்காருங்கன்னு டாக்டர் எவ்வளவோ சொன்னார். ‘எஞ்சின் ஓடிட்டிருக்கு, அணைஞ்சுபோனா என்னால மறுபடி கிளப்ப முடியாது’ன்னு ஒரு துணியைச் சுத்திக்கிட்டுப் போயிட்டார். அம்மாகிட்ட சொல்லாதீங்க, வருத்தப்படுவாங்கன்னார். அந்த எலும்பு கோணலாத்தான் கூடியிருக்கும்.”

பியாட்ரிஸ் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். “நான் வண்டியில பின்பக்கம் வலியில கிடந்தேன். எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க.”

ஜெயராஜுக்கு இப்போது எல்லாம் விளங்கியது. இறக்கத்தில் உருட்டிவிட்டால் வண்டி தானே கிளம்பிக்கொள்ளும். ஹேண்டில் போடக் கை வேண்டாம். அப்புறம் பகல் முழுக்க அணைக்காமல் இருந்தால் போதும். வெட்கமும் அழுகையுமாக அவர் ஜீவனஹள்ளிக்கு ஓடினார்.

வாசலில் முனிராஜின் மனைவி லட்சுமம்மா நின்றிருந்தாள்.

“அவரு இல்லீங்க மொதலாளி. போன இடத்துல எல்லாம் ஹேண்டில் போட்டுக் காட்டச் சொன்னாங்களாம். யாரும் வேலை தரல. ஹெப்பகோடிப் பக்கம் மண்ணு சுமக்கப் போயிட்டாரு.”

அப்போதுதான் அவள் அவர் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள். பதறிப்போனாள்.

“ஐயையோ, உங்களுக்கும் கையா? வேலை போன அன்னிக்கு ராத்திரி பூரா அதையேதானே பொலம்பினாரு, ‘மொதலாளி வண்டியை இறக்கத்துல நிறுத்தணுமே, என்னை மாதிரி அவரும் கையை உடைச்சுக்கக் கூடாதே’ன்னு!”