நகம் தட்டிய இடம்

நான்காவது தையலில் நூல் மறுபடி சிக்கியது.

கார்குழலி மிஷின் மிதியிலிருந்து காலை எடுத்தாள். தோலைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் நூல் காக்காய்க் கூடு மாதிரி சுருண்டு கிடந்தது.

“இருவது நிமிசம்தான்க்கா டைம். எட்டு பூட்ச்சு,” என்றார் தௌசீஃப் பாய்.

எர்ணாவூரில் வெல்டர்களுக்குத் தோல் கையுறை தைக்கும் அந்தப் பட்டறைக்கு அவர்தான் சூப்பர்வைசர். இந்த மிஷினில் ஒரு கையுறையின் ஓரத்தை நிற்காமல் தைத்துக் காட்டினால் வேலை. காலையிலிருந்து மூன்று பேர் தோற்றுவிட்டார்கள். மூன்று பேருமே மிஷின்மேல் பழி போட்டார்களாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பாய் சொல்லிச் சிரித்திருந்தார்.

நாற்பத்தாறு வயதில் வேலை கேட்டுப் போனால் முதலில் தலைமுடியைத்தான் பார்ப்பார்கள். அதனால் நேற்று டை அடித்துக்கொண்டாள். இப்போது வியர்வையில் அது காதோரம் இறங்குகிறதோ என்று பயமாக இருந்தது. துடைத்தால் கையில் ஒட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். துடைக்கவில்லை.

மூன்று வருடமாக நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். அதற்கு முன்பு பதினாறு வருடம் புளியந்தோப்பில் தோல் மிஷின் ஓட்டியவள். இதுவும் கிடைக்காவிட்டால் சாகும்வரை பாத்திரம்தான்.

தோலை அழுத்திப் பிடிக்கும் பாதத்தைத் தூக்கிவிட்டு மேல் நூலை உருவி மறுபடி கோத்தாள். தைத்தாள். சிக்கியது.

ஊசியை மாற்றினாள். சிக்கியது.

பாபினைக் கழற்றித் தூசியை ஊதினாள். ஸ்க்ரூவை அரைத் திருகு தளர்த்தினாள். ஐந்து தையல் ஓடியது. ஆறாவதில் சிக்கியது.

அடுத்து காத்திருந்த பெண் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். தலையில் ஒரு நரை கிடையாது.

“வுடுக்கா. மெக்கானிக்கே ரெண்டு தபா வந்து கைய விரிச்சிட்டான். ஏலத்துல எடுத்த சரக்கு,” என்றார் பாய்.

கூடம் கோணல் என்பது அவருக்கும் தெரிந்தே இருக்கிறது. வேலைக்கு ஆள் எடுக்கிற சாக்கில் ஓசியில் ரிப்பேர் பார்க்க உட்கார்த்தி வைத்திருக்கிறார், மனுஷன்.

நாலு நிமிடம் பாக்கி.

கார்குழலி ஊசிக்கு அடியிலிருந்த பிளேட்டைக் கழற்றினாள். உள்ளே சுழன்று ஊசியிடமிருந்து நூலைக் கவ்வும் கொக்கி தெரிந்தது. சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பி, அதன் முனையில் நகத்தை ஓட்டினாள்.

நகம் தட்டியது.

ஒரு முடி அளவு வெட்டு. பார்த்தால் தெரியாது. நூல் மாட்டுவது அதில்தான்.

எமரித் தாள் கேட்டு வாங்கித் தேய்த்தாள். எண்ணெய் விட்டாள். பிளேட்டை மாட்டினாள்.

மிஷின் ஓடியது. கட்டைவிரல் வளைவைச் சுற்றிக்கொண்டு மணிக்கட்டு வரை நிற்காமல் வந்தது.

பாய் தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். முகமெல்லாம் பல்.

“இன்னாக்கா நீ, மெக்கானிக்க தூக்கி சாப்ட்டுட்ட! நாளைக்கே வந்துடு. இந்த லாட்டுல இன்னும் பதினொன்னு பின்னாடி சும்மா கீது. எல்லாத்துலயும் இதே பேஜாரு. தைக்கறதுக்கு உன்னாட்டம் ஆளுங்க யார்னா கீறாங்களா?”

இப்போதுதான் அவள் காதோரத்தைத் துடைத்தாள். விரல் கறுப்பானது. ஆகட்டும்.

முதல் சிக்கலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சட்டென்று கொக்கியில் கை வைத்தால் எப்படித் தெரியும் என்று கேட்பாரே என்றுதான் அத்தனை நேரம் நூலையும் ஊசியையும் நோண்டிக்கொண்டிருந்தாள். பச்சை பெயின்ட் அடித்துவிட்டால் பதினாறு வருடம் ஓட்டிய மிஷின் வேறு மிஷின் ஆகிவிடுமா?

புளியந்தோப்புக் கம்பெனியை மூடப்போவதாகக் கேட்டில் நோட்டீஸ் ஒட்டிய அன்று, சாப்பாட்டு நேரத்தில், ஒரே அரம் பன்னிரண்டு பெண்களிடம் கைமாறியது. இனி எவன் வாங்கினாலும் இதில் தைக்கக் கூடாது என்று வயிறெரிந்து, அவரவர் மிஷின் கொக்கியில் ஆளுக்கு ஓர் இழுப்பு. யோசனை கார்குழலியுடையது.

“கீறாங்க பாய்,” என்றாள். “பதினோரு பேர்.”