பக்கத்து வீட்டு மழை

மழைச் சத்தம் கேட்டதும் ரஞ்சிதம் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்த மூங்கில் கழிகளைத் துணியோடு உள்ளே இழுத்துப் போட்ட பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

கிளமெண்டி வட்டாரம் முழுக்க வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"பார்த்தீங்களா? இன்னிக்கும் ஏமாத்திட்டாரு!"

சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் கணவர் சுப்பிரமணியம் தலையைத் தூக்கவில்லை. "யாரு?"

"பக்கத்து வீட்டு ஜெரார்ட்தான். ஸ்பீக்கர்ல பாட்டு போடுவாங்க, நியூஸ் போடுவாங்க. மழையைப் போடுற மனுஷனை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?"

"மெதுவாத்தானே கேக்குது. விடு லா."

"ஈரச் சேலையைத் தூக்கிட்டு ஓடுறது நானு! இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துட்டு வரேன்."

"ரஞ்சிதம், வேணாம்..." அவர் செருப்பைத் தேடுவதற்குள் அவள் பக்கத்து வீட்டு பெல்லை அழுத்திவிட்டாள்.

ஜெரார்ட் சர்ச்சில் பாடுகிறவர். கணீர் குரல். "வாங்கக்கா" என்றால் கீழ்மாடி வரைக்கும் கேட்கும். இன்றைக்குக் கதவைத் திறந்தவரின் குரல் கரகரத்தது. ஒரு கண் பாதி மூடித் தொங்கிக்கொண்டிருந்தது.

ரஞ்சிதம் சட்டென்று பின்வாங்கினாள். "என்ன ஜெரார்ட், பட்டப்பகல்லயே ஊத்திக்கிட்டீங்களா?"

ஜெரார்ட் சிரித்துவிட்டார். "ஐயோ, இல்லக்கா! ஆஸ்பத்திரியிலேர்ந்து இப்பத்தான் வந்தேன். கழுத்துல ஒரு ஊசி. நரம்பை மரத்துப்போக வைக்கிறது, நரம்பு பிளாக்னு சொல்றாங்க. கண்ணு தொங்குறதும் தொண்டை கட்டுறதும் அந்த மருந்தோட வேலை. சாயந்தரத்துக்குள்ள சரியாயிடும்."

"கழுத்துக்கு என்ன?"

"கழுத்துக்கு ஒண்ணுமில்ல. காதுக்கு."

கிண்டல் செய்கிறாரோ என்று ரஞ்சிதம் முறைத்தாள்.

"நெசமாக்கா. காதுக்குள்ள ஓயாம ஒரு விசில். டின்னிடஸ்னு பேரு. வெளியே ஏதாவது சத்தம் இருந்தா அது கொஞ்சம் அமுங்கும். அதுக்குத்தான் இந்த மழை. இந்த ஊசி எல்லாருக்கும் வேலை செய்யாது, உத்தரவாதம் இல்ல, முயற்சி பண்ணிப் பார்க்கலாம்னுதான் டாக்டர் சொன்னாரு. ஆனா எனக்கு யாரோ வால்யூமைக் குறைச்ச மாதிரி இருக்கு! எத்தனை நாள் நிக்குமோ தெரியாது. லிஃப்டுல வரும்போது என் மூச்சு எனக்கே கேட்டுச்சுக்கா!"

தொங்குகிற கண்ணிலும் சந்தோஷம் மின்னியது. ரஞ்சிதத்துக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இதெல்லாம் ஒரு நோயா ஜெரார்ட்? தனியா உக்காந்திருந்தா காதுல என்னென்னமோ கேக்கும். நாலு பேரோட பேசிக்கிட்டிருந்தா தானாப் போயிடும். இதுக்குப் போய் யாராவது கழுத்துல குத்திக்குவாங்களா?"

ஜெரார்ட் ஊசி போட்ட இடத்தைத் தடவிக்கொண்டார்.

"சரி, இப்பத்தான் குறைஞ்சிடுச்சே. அப்புறம் ஏன் மழை இன்னும் பெய்யுது?"

அவர் முகம் மாறியது. "அது... வந்து... பழக்கமாயிடுச்சு."

ரஞ்சிதம் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஸ்பீக்கர் அவருடைய நாற்காலிப் பக்கம் இல்லை. ரஞ்சிதம் வீட்டுச் சுவரை ஒட்டி, ஒரு ஸ்டூலின் மேல், சுவரைப் பார்த்தபடி இருந்தது.

"ஓஹோ! உங்க காதுக்குப் போடுற மழை எங்க சுவரைப் பார்த்து ஏன் பெய்யுது? வேணும்னே பண்றீங்க! தீபாவளிக்கு முறுக்கு சுட்டுக் கொடுத்ததுக்கு இதான் மரியாதையா? இருங்க, புகார் கொடுக்கிறேன்."

"மன்னிச்சிடுங்கக்கா. இப்பவே குறைச்சிடறேன்." ஜெரார்ட் ஸ்பீக்கரை நோக்கி நடந்தார்.

"குறைக்காதீங்க ஜெரார்ட்."

ரஞ்சிதம் திரும்பினாள். எல்லாவற்றையும் கேட்டபடி வாசலில் சுப்பிரமணியம் நின்றிருந்தார்.

"சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னது நான்தான்."

"நீங்களா? எதுக்கு?"

"எனக்கும் அதே விசில்தான். பஸ் ஓட்டுறதை விட்டதுலேர்ந்து இருக்கு. மழைச் சத்தம் கேட்டாத்தான் நிம்மதியாப் பேப்பர் படிக்க முடியுது. நானே போட்டா ஏன், எதுக்குன்னு நீ கேப்பே. அதான் ஜெரார்ட்கிட்ட உதவி கேட்டேன். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டேன். அவரு வாயைத் திறக்காம உன்கிட்ட திட்டு வாங்கறாரு."

ரஞ்சிதம் ஜெரார்டின் கழுத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை ஒருமுறை பார்த்தாள். அடுத்த நிமிடம் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பழைய ரஞ்சிதமாகிவிட்டாள்.

"ஜெரார்ட், உங்க டாக்டர் பேரை எனக்கு அனுப்புங்க. நாளைக்கே இவரைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன். அதுவரைக்கும் மழையைக் கொஞ்சம் சத்தமாவே வைங்க. துணியை நான் பார்த்துக்கறேன்."

பிறகு கணவர் பக்கம் திரும்பி இடுப்பில் கை வைத்தாள். "ஊசி போடுவாங்கன்னு பயந்துதானே இத்தனை நாள் மறைச்சீங்க?"

சுப்பிரமணியம் லேசாகச் சிரித்தார்.

"ஊசிக்கு என்ன பயம்? இப்ப ஜெரார்டைப் பார்த்துச் சிரிச்சியே, அந்த மாதிரி என்னைப் பார்த்தும் சிரிச்சிடுவியோன்னுதான்."