மூன்றாவது கூப்பாடு

நீதிபதி நாற்காலிக்கு எந்திரம் வந்த பிறகும் டவாலி தணிகாசலத்தை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. வழக்குக்கு வந்தவன் பெயரை மூன்று தடவை கூப்பிட வேண்டும் என்பது பழைய விதி, எந்திரம் விதியை மீறாது. முதல் கூப்பாட்டுக்குத் தீர்ப்பு, இரண்டாவதற்கு அப்பீல், மூன்றாவதற்கு இறுதித் தீர்ப்பு. ஆள் வராந்தாவிலிருந்து கூண்டுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

சேவல் திருட்டு வழக்கில் மாட்டிய சடையப்பனின் போதாத காலம், அன்றைக்குப் பார்த்து டவாலிக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"சடையப்பன்!"

ஆறு மாதம் சிறை.

"சடையப்பன்!"

அப்பீலிலும் அதேதான். மூன்றாவது தடவை டவாலி வாயைத் திறந்தார், வெறும் காற்றுதான் வந்தது. ஏட்டு சடையப்பனின் கையைப் பிடித்துவிட்டார்.

"ஐயா, இன்னும் ஒரு கூப்பாடு பாக்கி இருக்கே! அந்தச் சேவல் தானாத்தான் என் வீட்டுக்கு வந்துச்சு!"

"குழம்புக்குள்ளயும் தானாத்தான் குதிச்சுதா?" என்றார் ஏட்டு.

டவாலி இருமிப் பார்த்தார், கனைத்துப் பார்த்தார். கடைசியில், நீயே கூப்பிட்டுக்கொள் என்று கையைக் காட்டினார்.

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினான். "சடையப்பன்!"

"சாட்சியம் போதாது. விடுதலை," என்றது எந்திரம்.

சடையப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே காத்திருந்த மனைவிக்குக் கேட்கட்டும் என்று வாசலைப் பார்த்துக் கூவினான். "ஜெயிச்சுட்டான்டி உன் சடையப்பன்!"

"ஆறு மாதம் சிறை," என்றது எந்திரம்.

டவாலி தலையில் அடித்துக்கொண்டு அவனிடம் இரண்டு விரலைக் காட்டினார்.